எந்த வீரனுக்கு முதலிடம்?

சென்ற தவணையிலே ஒருநாள், பௌதிகவியல் நூலினுள் வண்ணச் சித்திரக்கதை நூலொன்றை மறைத்து வைத்து வாசித்துக்கொண்டிருந்த மாணவனொருவன் எம்மிடம் அகப்பட்டான். நூலைப் பறித்தோம். அதிபரிடம் ஒப்படைத்தலே முறை. ஆயினும் அன்றிரவு விடைத்தாள் திருத்திக் களைத்த வேளையில் அதனைப் புரட்டத் தொடங்கிய நாம், நள்ளிரவு கடந்தும் கீழே வைத்தோமில்லை. மறுநாள் அதனைத் திருப்பிக் கொடுத்தபோது, எமது முகக்குறிப்பை அறிந்துகொண்ட அவன், "சேர், அதிமானிட வீரர்களின் இதழ்களுள் எது சிறந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டான். விடையும் அவனே சொன்னான்: "சுப்பர்மேனின் முதல் இதழ்தான் சேர். அதன் ஒரு பிரதி 60 இலட்சம் டொலருக்குப் போயிருக்கிறது." விடுமுறைக்கு முன் மறுபதிப்புகள் சிலவற்றையும் இரவல் தந்தான். அவற்றைப் படித்து நாம் வகுத்த வரிசையே இது.

இத்தகைய நூல்களைப் பெற்றோரும் ஆசிரியரும் வெறுப்பது புதிதன்று. 1954இல் பிரெடரிக் வேர்தாம் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர், சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று ஒரு நூலே எழுதினார். அவ்வாண்டிலேயே அந்நாட்டுப் பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர். உண்மையைச் சொன்னால், சென்ற தவணை வரை நாமும் அம்மருத்துவரின் கட்சியினரே.

வௌவால் வேடம் பூண்ட பற்மேன் முதன்முதல் தோன்றியது 1939 மே மாத 'டிடெக்டிவ் கொமிக்ஸ்' 27ஆம் இதழில். ஆறே பக்கக் கதை. குற்றவாளி அமிலத் தொட்டியில் வீழ்ந்து மாள்கிறான். வீரனுக்கோ சிறிதும் இரக்கமில்லை. பிற்காலத்துப் பற்மேனை அறிந்தவர்கள் இங்கே ஏமாற்றமடைவர். கதையைப் புனைந்த பில் பிங்கரின் பெயர் அதில் இல்லை. ஓவியர் பொப் கேனின் பெயரே நெடுங்காலம் தனித்து நின்றது. பிங்கர் 1974இல் மறைந்தார். படைப்பாளர் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2015இலேதான். கதைக்காக ஐந்தாம் இடம் தருகிறோம். பெயரை மறைத்த குற்றத்திற்கு இடமே தரலாகாது.

நான்காவது, 'கப்டன் அமெரிக்கா' முதல் இதழ். அட்டையிலே வீரன் ஹிட்லரின் தாடையில் குத்துகிறான். 1941 மார்ச் எனத் திகதியிடப்பட்ட இவ்விதழ் 1940 டிசெம்பரிலேயே கடைகளுக்கு வந்துவிட்டது. அமெரிக்கா போரில் இறங்கியதோ அதற்கு ஓராண்டின் பின்னர். யூதக் குடும்பங்களிற் பிறந்த ஜோ சைமன், ஜாக் கேர்பி என்னும் இளைஞர் இருவர் வரைந்த படம் அது. அட்டையின் துணிவு உள்ளே இருக்கும் கதைக்கு இல்லை என்பதே எமது குறை.

இனி மாணவனின் 60 இலட்ச டொலர் இதழுக்கு வருவோம். 1938 யூன் மாத 'அக்ஷன் கொமிக்ஸ்' முதல் இதழ். அன்றைய விலை 10 சதம். அவன் சொன்ன தொகை பொய்யன்று. 2024இல் ஒரு பிரதி அவ்விலைக்கே ஏலம் போயிற்று. ஆனால் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர் இருவரும் சுப்பர்மேனின் உரிமை முழுவதையும் விற்றுப் பெற்றது 130 டொலர். முதுமையில் வறுமையுற்று, பத்திரிகைகளில் முறையிட்ட பின்னரே, 1975இல் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டொலர் உதவிப்பணம் கிடைத்தது. இச்செய்தியை அம்மாணவன் அறிந்திருக்கவில்லை. கேட்டதும் சற்று மௌனமானான்.

அந்த முதற் சுப்பர்மேன் பறக்க அறியாதவன், தாவமட்டுமே தெரிந்தவன். நிரபராதியான பெண்ணொருத்தியை மரண தண்டனையிலிருந்து காக்க நள்ளிரவில் ஆளுநரின் மாளிகைக் கதவை உடைக்கிறான். மனைவியை அடிக்கும் கணவனைத் தண்டிக்கிறான். பொருளாதார மந்தத்தால் நொந்த மக்களின் ஏக்கம் பக்கந்தோறும் தெரிகிறது. ஆயின் அவனுக்கு எதுவுமே கடினமில்லை. ஆகவே மூன்றாம் இடம்.

இரண்டாவது, 1962 ஓகஸ்ட் மாத 'அமேசிங் ஃபன்டசி' 15ஆம் இதழ். அச்சஞ்சிகையின் இறுதி இதழும் அதுவே. ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்த 11 பக்கங்கள். பெற்றோரை இழந்து சிற்றப்பன் வீட்டில் வளரும் பீட்டர் பார்க்கர் என்னும் பள்ளி மாணவனைக் கதிரியக்கமுற்ற சிலந்தி கடிக்கிறது. வலிமை பெற்றவன் முதலில் தேடுவது பணமும் புகழும். எதிரே ஓடிவரும் திருடனைத் தடுக்காது விட்டுவிடுகிறான். அது தன் வேலையன்று என்பது அவன் எண்ணம். பின்னர் சிற்றப்பனைக் கொன்றவனைத் துரத்திப் பிடித்து முகத்தைப் பார்க்கும்போது, அது அதே திருடனின் முகம். வீரன் ஒருவன் குற்றவாளியாய்த் தலைகுனிந்து நடந்து செல்வதோடு கதை முடிகிறது.

முதலிடத்தை, அதே சிலந்தி மனிதனின் கதையாகிய 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33ஆம் இதழுக்கே வழங்குகிறோம். 1966 பெப்ரவரி, விலை 12 சதம். கதையமைப்பும் ஓவியமும் டிட்கோ, வசனம் லீ. நோயுற்ற சிற்றன்னையைக் காக்கும் மருந்து கைக்கெட்டாத் தூரத்தில் கிடக்கிறது. வீரனோ மலைபோன்ற இயந்திரத்தின் கீழ் அகப்பட்டிருக்கிறான். கூரையிலிருந்து நீர் ஒழுகி ஏறுகிறது. அவளுடைய நோய்க்குக் காரணமும் முன்பு இவன் கொடுத்த இரத்தத்திலிருந்த கதிரியக்கமே. அடிக்க எதிரியில்லை. முயல்கிறான், தோற்கிறான், மறுபடி முயல்கிறான். பக்கத்துக்குப் பக்கம் படச் சட்டங்கள் பெருத்துக்கொண்டே போய், இயந்திரம் உயரும் கணத்தில் முழுப் பக்கமும் ஒரே படமாகிறது. அப்பக்கத்தைப் புரட்டுகையில் நாமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம் என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறோம். மருந்து சேர்ந்ததும் அவன் யாரிடமும் நன்றி எதிர்பாராது, காயத்தோடு தனியே நடந்து மறைகிறான்.

வரிசையைக் கண்ட மாணவன் ஒப்பவில்லை. "31ஐயும் 32ஐயும் படிக்காமல் 33 விளங்காது சேர், அதைத் தனி இதழாக எப்படிக் கணக்கெடுப்பீர்கள்?" என்றான். நியாயமான ஆட்சேபம், எமக்கு உடனே விடை வரவில்லை. மீண்டும் ஒருமுறை வாசித்துச் சொல்வதாகக் கூறி நூலைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.