பெரியம்மா படித்த ஜப்பானியப் புத்தகம்

இங்கிலீஷில் எம்.ஏ. படித்த ஒருத்தி, இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துக் குரோஷா பின்னி ஏமாந்து போனாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட அவளுடைய பெரியம்மா, ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்துப் பின்னி ஜெயித்தாள். இப்படிச் சொன்னால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். ஏமாந்தவள் சாட்சாத் நானேதான்!

2018-ஆம் வருஷம் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் போட இன்னும் நாலே நாள். லண்டனிலிருந்து ஒரு சிநேகிதி அனுப்பியிருந்த மாதிரிப் புத்தகத்தில் அழகான குல்லாய் ஒன்று இருந்தது. "இதைப் பின்னி எடுத்துக்கொண்டுதான் வருவேன்" என்று தங்கையிடம் ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். இரண்டு ராத்திரி கண் விழித்தேன். 'டபிள் குரோஷா' என்று போட்டிருந்த இடத்திலெல்லாம் டபிள் குரோஷாவே பின்னினேன். ஒரு கண்ணிகூடத் தப்பவில்லை. முடித்துப் பார்த்தால் சுற்றளவு என்னவோ சரியாகத்தான் இருந்தது. உயரம் மட்டும் ஏறக்குறைய இரண்டு பங்கு!

பெரியம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "ஏண்டி, இது குழந்தைக்குக் குல்லாயா, தலையணைக்கு உறையா?" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. புத்தகத்தை எடுத்து அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேர் கிடக்கட்டும். ஊசியைக் குத்துகிறதுக்கு முன்னாலே நூலைச் சுற்றிக்கச் சொல்லியிருக்கா, இல்லையா? அதைப் பார்த்துச் சொல்லு" என்றாள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். சுற்றிக்கொள்ளச் சொல்லவில்லை! நான் குரோஷா கற்றுக்கொண்டது அமெரிக்கப் புத்தகத்தில். அமெரிக்கர்கள் 'சிங்கிள் குரோஷா' என்று எதைச் சொல்கிறார்களோ, அதற்குத்தான் பிரிட்டனில் 'டபிள் குரோஷா' என்று பெயர். அமெரிக்காவின் டபிள், பிரிட்டனில் 'டிரெபிள்'. அமெரிக்காவின் டிரெபிள், பிரிட்டனில் 'டபிள் டிரெபிள்'. ஒரே பாஷைதான், பெயர் மட்டும் ஒவ்வொரு படி தள்ளி நிற்கிறது. குட்டையாகப் பின்ன வேண்டிய இடத்தில் நான் நெட்டையாகப் பின்னியிருக்கிறேன்.

இந்த வம்பில் நீங்களும் மாட்டிக்கொள்ளாமலிருக்க இரண்டு அடையாளம் சொல்கிறேன். புத்தகத்தில் 'சிங்கிள் குரோஷா' என்ற வார்த்தை எங்கேயாவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. அடுத்தது, டபிள் குரோஷா வரிசை ஆரம்பிக்கும்போது எத்தனை சங்கிலி போடச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒன்று என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ். மூன்று என்றால் அமெரிக்கன்.

ஊசி நம்பரிலும் இதே கூத்துதான். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 6-ஆம் நம்பர் ஊசி 5 மில்லிமீட்டர் கனம். அமெரிக்கக் கணக்கில் 6-ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர்தான். ஆகவே நம்பரை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைக் கேளுங்கள்.

மறு வருஷம் டோக்கியோவுக்கு உத்தியோக நிமித்தம் போன என் அத்தை பிள்ளை, ஜப்பானியக் குரோஷா புத்தகம் ஒன்று வாங்கி வந்தான். அட்டையில் ஒரு மேஜை விரிப்பு, கண்ணைப் பறித்தது. உள்ளே ஓர் எழுத்தாவது புரிய வேண்டுமே! நான் மூடி வைத்துவிட்டேன். பெரியம்மா பூதக்கண்ணாடியுடன் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் கூப்பிட்டாள். "இங்கே பார். முட்டை முட்டையாப் போட்டிருக்கிறது சங்கிலி. பெருக்கல் குறி குட்டைப் பின்னல். கம்பத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இருந்தால் நூல் ஒரு சுற்று. ரெண்டு கோடு இருந்தால் ரெண்டு சுற்று. கோடே இல்லாத மொட்டைக் கம்பம்தான் கொஞ்சம் படுத்தித்து. நூலைச் சுற்றி, மூணு கண்ணியையும் ஒரே இழுப்பா இழுத்துடணும்" என்றாள்.

"எப்படிப் பெரியம்மா கண்டுபிடித்தீர்கள்?" என்று வாயைப் பிளந்தேன்.

"போட்டோவையும் கோலத்தையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கண்ணியா எண்ணினேன். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவளுக்கு இது என்ன பிரமாதம்?"

கோலம் என்று அவள் சொன்னது எவ்வளவு பொருத்தம்! நடுவில் ஆரம்பித்து, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுச் சுற்றாக விரிகிற படம் அது. எண்களும் நாம் எழுதுகிற 1, 2, 3 தான். ஜப்பானில் இந்தக் குறிகளுக்கு அரசாங்கத் தொழில் தர நிர்ணயமே உண்டு. ஒரு புத்தகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் மற்றப் புத்தகங்களையும் படித்துவிடலாம்.

அதன் பிறகு எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தேசத்திலும் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். குரோஷா என்பதே, சின்னக் கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்ததுதான். நாம் சங்கிலி என்பதை ஜப்பானியரும் 'குசாரி', அதாவது சங்கிலி என்றே சொல்கிறார்கள். ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ருஷ்யர் மூவருக்கும் அது 'காற்றுக் கண்ணி'! துணியில் குத்தாமல் அந்தரத்தில் போடுகிற கண்ணி அல்லவா? நெட்டைப் பின்னல் ஜெர்மனியில் 'சின்னக் குச்சி'. ருஷ்யாவில் 'சின்னக் கம்பம்'. ஜப்பானில் 'நீளப் பின்னல்'. ருஷ்யர்கள் நூலைச் சுற்ற வேண்டுமா, வேண்டாமா என்பதையும் பெயரோடு சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்: 'சுற்றோடு கம்பம்', 'சுற்றில்லாத கம்பம்'. பெரியம்மா அன்று கேட்ட கேள்விக்கு நேரான பதில்!

இப்போது செல்போனை எழுத்தின் மேல் காட்டினால் அது மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறது. உதவிதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஜெர்மன் பாஷையில் 'கெட்மாஷே' என்பதை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தால் 'சங்கிலிக் கண்ணி' என்று வரும். சங்கிலி என்று நினைத்துப் பின்னினீர்களோ, போச்சு! அது ஒட்டினாற்போல் இழுத்துவிடுகிற 'ஸ்லிப்' பின்னல்.

ஆகையால், எந்தத் தேசத்துப் புத்தகமானாலும் பெரியம்மாவின் முறைதான் முறை. முதலில் படத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பின்னலுக்கும் நூல் எத்தனை சுற்று, எத்தனை இழுப்பு என்று ஒரு காகிதத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு பின்னி, புத்தகத்தில் சொன்ன கண்ணிக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். அதற்கு ஆகிற ஒரு மணி நேரம், இரண்டு ராத்திரிக் கண் விழிப்பை மிச்சப்படுத்தும்.

குல்லாய் என்னாயிற்று என்கிறீர்களா? பிரித்து மறுபடி பின்னி, தொட்டில் போடுகிற அன்று காலையில் முடித்தேன். ஜப்பானிய விரிப்பு இப்போது எங்கள் கூடத்து மேஜை மேல் கிடக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் பெரியம்மா, "இது ஜப்பான் பாஷையில் படித்துப் பின்னியதாக்கும்!" என்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. வெகு காலமாகத் தனக்கு வந்த இங்கிலீஷ் கடிதத்தையெல்லாம் என்னிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்று காத்துக்கொண்டு நின்றவள் அவள்.

போன வாரம் மெதுவாக என்னிடம் வந்து கேட்டாள்: "ஏண்டி, ருஷ்யப் புத்தகம் எங்கேயாவது கிடைக்குமா?"