திக்கும் கார்: கார்ப்பரேட்டரைக் கழற்றும் முன் ஒரு நோட்டுப் புத்தகம்

போன வருடம் ஒரு காலை, அப்பாவைக் கண் பரிசோதனைக்குத் திருச்சி கூட்டிப் போக வையம்பட்டியிலிருந்து கிளம்பினேன். வண்டி அப்பாவோடது. 1996 மாடல் மாருதி 800, கார்ப்பரேட்டர் வண்டி. நாற்கரச் சாலையில் மீடியன் இடைவெளியைக் கடந்து திருச்சிப் பக்கம் திரும்பணும். திண்டுக்கல் பக்கமிருந்து வந்த லாரி தூரத்தில் இருந்தது. முதல் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி நகர்ந்து, சாலை நடுவில் ஒரு நொடி அப்படியே திக்கி நின்றது. பிறகு எகிறிக்கொண்டு ஓடியது. லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனார்.

அப்பா கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. மணப்பாறை வந்ததும், "வண்டியைக் குடுத்துடலாமா தம்பி?" என்றார். இருபத்தேழு வருடமாக வைத்திருப்பவர் கேட்கிற கேள்வி அது. அதற்குப் பதில் கண்டுபிடிக்கப் போய்த்தான் இந்தக் குறிப்பு.

சின்ன எஞ்சின், பெரிய வம்சம்

மாருதி 800-ஐ யாரும் வேகக் கார் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நம்ம ஊர் மோட்டார் பந்தயத்தின் ஒரு தலைமுறையே இந்த எஞ்சினில் வளர்ந்தது. 1980களின் இறுதியில் கோவை கரிவர்தன், இதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டிய பந்தயம், ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ஃபார்முலா மாருதி பந்தயம்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவையில் இருக்கும் கரி ஸ்பீட்வே அவர் பெயரில்தான்.

பந்தயத்தில் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஓட்டுநர் ஒரே மிதியாக மிதிப்பார். நான் மீடியனில் செய்ததும் அதேதான். அங்கே எஞ்சின் திக்கினால் ஒரு இடம் போகும். இங்கே போவது வேற.

ஏன் திக்குது?

கார்ப்பரேட்டர் வேலை எளிது. எஞ்சின் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று ஒரு குறுகலான தொண்டை வழியாகப் போகும்போது அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு பெட்ரோலை ஜெட் வழியாக உறிஞ்சுகிறது. எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது சரியான கலவை.

ஓட்டம் சீராக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. திடீரென மிதித்தால் காற்று உடனே பாயும். பெட்ரோல் பாயாது. ஒரே கன அளவு எடுத்தால் பெட்ரோல் காற்றைவிட ஏறத்தாழ 600 மடங்கு கனம். கிளம்பவே நேரம் எடுக்கும். போதாததற்கு, த்ராட்டில் திறந்ததும் மேனிஃபோல்டில் வேக்யூம் விழுந்து, ஆவியாக இருந்த பெட்ரோலில் கொஞ்சம் சுவரில் ஈரமாகப் படியும். ஆக, அந்த அரை நொடி சிலிண்டருக்குக் கிடைப்பது வெறும் காற்று மாதிரி. இதைச் சரிக்கட்டத்தான் ஆக்ஸிலேட்டர் பம்ப் இருக்கிறது. மிதித்த உடனே ஊசி போடுவதுபோல் கொஞ்சம் பெட்ரோலை நேராகப் பீய்ச்சும்.

அதனால் "திக்குது" என்றாலே எல்லாரும் கார்ப்பரேட்டரைக் கழற்றுகிறார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணனும் இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் செய்தார். பம்ப் டயாஃப்ரமை மாற்றினார். கடைசியில் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டார். மைலேஜ் விழுந்தது. திக்கல் அப்படியே இருந்தது.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நானும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிளக், ஃபில்டர் இரண்டையும் மாற்றி, டைமிங்கையும் தொட்டேன். கொஞ்சம் மாறிய மாதிரி இருந்தது. எதனால் என்று தெரியவில்லை. இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவன், ஒரே நேரத்தில் மூன்று வரியைத் திருத்திவிட்டு எது வேலை செய்தது என்று முழிப்பது வெட்கம்தான். அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினேன்.

முதல் கேள்வி: எப்போது திக்குது?

எந்தப் பாகம் என்று கேட்பதற்கு முன் எப்போது என்று கேட்கணும்.

ஐட்லிங்கிலிருந்து மிதித்த அந்த நொடி மட்டும் என்றால்: ஆக்ஸிலேட்டர் பம்ப், எங்கேயாவது காற்றுக் கசிவு, டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸ்.

நீண்ட நேரம் வேகமாகப் போகும்போது அல்லது மேடு ஏறும்போது என்றால்: பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர் அடைப்பு, பெட்ரோல் பம்ப், ஃப்ளோட் மட்டம், மெயின் ஜெட்.

சூடான பிறகு மட்டும் என்றால்: பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பது, அல்லது சூட்டில் தடுமாறும் காயில்.

ஒரு வாரம் எழுதிப் பார்த்ததில் எங்கள் வண்டி முதல் வகை என்று தெரிந்தது. 80-ல் போகும்போது ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் மெயின் ஜெட்டைத் தொட்டதே வீண். அது ஓட்டத்தில் வேலை செய்கிற பாகம்.

மூன்று சோதனை

ஒன்று. எஞ்சினை அணைத்து, ஆற விட்டு, ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, த்ராட்டிலைக் கையால் இழுத்துக் கார்ப்பரேட்டர் தொண்டைக்குள் பார்க்கணும். இழுத்த அதே கணம் பெட்ரோல் கோடாகப் பீய்ச்சணும். தாமதமாகவோ சொட்டாகவோ வந்தால் பம்ப்தான் குற்றவாளி. முகத்தை மேலே கொண்டு போக வேண்டாம். பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடாது. எங்களுக்கு அழகாகப் பீய்ச்சியது.

இரண்டு. ஐட்லிங்கில் வேக்யூம் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கி எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று கேட்பது. மாறினால் அந்தக் குழாய் வழியாகக் காற்று இழுக்கிறது. மாறவில்லை.

மூன்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்யூம் குழாயைக் கார்ப்பரேட்டர் பக்கம் கழற்றி, வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைப்பது. நல்ல டயாஃப்ரம் என்றால் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இளநீர் ஸ்ட்ராவில் உறிஞ்சிய மாதிரி காற்று தாராளமாக வந்தது. கிழிந்திருக்கிறது.

இது ஏன் முக்கியம்? 3000 சுற்றில் எஞ்சின் ஒரு மில்லி நொடிக்கு 18 டிகிரி சுற்றுகிறது. கலவை எரிந்து முடியச் சில மில்லி நொடிகள் ஆகும். அதனால் பொறியை முன்கூட்டியே கொடுக்கணும். லேசாக மிதிக்கும்போது சிலிண்டரில் கலவை குறைவு, எரிவதும் மெதுவு; இன்னும் முன்னாடியே பொறி வேண்டும். அந்தக் கூடுதல் முன்னேற்றத்தைத் தருவது இந்த டயாஃப்ரம்தான். கிழிந்தால் பொறி தாமதம். கூடவே கிழிசல் வழியாகக் காற்றும் உள்ளே போய்க் கலவை மெலியும்.

ஐட்லிங்கில் ஏன் தெரியவில்லை? அந்தக் குழாய் தொடங்கும் துளை, மூடிய த்ராட்டில் தட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. தட்டு திறக்கும்போதுதான் வேக்யூம் அங்கே எட்டும், கசிவும் அப்போதுதான் தொடங்கும். மிதித்த நொடியில் மட்டும் வருகிற பிழை! இரண்டாவது சோதனை இதைக் காட்டாததும் அதனால்தான். உறுதி செய்ய, துளையை ஒரு ரப்பர் மூடியால் அடைத்து ஓட்டினேன். திக்கல் பாதி குறைந்தது, இழுவை மந்தம் மிச்சம். பாதி கசிவு, பாதி தாமதப் பொறி என்று பிரிந்தது.

புது டயாஃப்ரம் போட்டு, ஜெட்டைப் பழைய அளவுக்கே மாற்றினோம். அண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நான் கார்ப்பரேட்டரையே பிடிச்சுத் தொங்கிட்டேன் சார்" என்று சிரித்தார்.

இப்போதைய பெட்ரோல்

இன்னொரு விஷயம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால் கலவையின் தேவை சுமார் 13.5-க்கு இறங்குகிறது. புது வண்டியில் கணினி திருத்திக்கொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது; ஏறத்தாழ 8 சதவீதம் மெலிந்தே ஓடும். திக்குகிற வண்டி இதில் இன்னும் திக்கும். பழைய ரப்பர் பாகங்களுக்கும் எத்தனால் ஆகாது. வருடத்துக்கு ஒருமுறை குழாய்களையும் டயாஃப்ரம்களையும் பார்த்துவிடுவது நல்லது.

போன மாதம் மறுபடி அதே மீடியன், மறுபடி கண் மருத்துவர். மிதித்தேன், போனது. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இந்த ஆயுத பூஜைக்குள்ள டயரை மாத்திடு தம்பி" என்றார். விற்கிற பேச்சை எடுக்கவில்லை.