தொலைவில் இருக்கும் வகுப்புத் தோழன்

ஒரே வகுப்பில் படிக்கும் இருவர் எப்படி நண்பர்களாகின்றனர்? மனம் ஒத்துப்போவதால் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். உளவியலார் கண்டறிந்த விடை இவ்வளவு அழகானதன்று. பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதால்தான்!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பு ஒன்றை லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய இரு தோழர்களும் ஆராய்ந்து, 1950-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அங்கு குடியிருந்தோர் தம் வீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். காலியான வீடு எதுவோ அது கிடைத்தது. ஆயினும் ஒரே மாடியில் அடுத்த வீட்டுக்காரர்களை நெருங்கிய நண்பர்களாகக் குறிப்பிட்டோர் 41 விழுக்காடு. இரண்டு வீடு தள்ளி இருந்தால் 22. மாடியின் இரு கோடிகளில் இருந்தால் 10 மட்டுமே. மாடிப்படி அருகிலும் கடிதப்பெட்டி அருகிலும் குடியிருந்தோருக்கு நண்பர்கள் கூடுதலாக இருந்தனர். போகும்போதும் வரும்போதும் முகம் கண்டதே காரணம்.

அடிக்கடி காண்பதே விருப்பத்தை வளர்க்கும் என்பதை 1968-இல் இராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலார் சோதனைகளால் காட்டினார். பொருளற்ற சொற்கள், அறிமுகமில்லாத முகங்களின் படங்கள் ஆகியவற்றைச் சிலருக்குக் காட்டினார். பலமுறை கண்டவற்றையே அவர்கள் மிகுதியாக விரும்பினர்.

இப்போது இணையவழி வகுப்பை எண்ணிப் பாருங்கள். அங்கே மாடிப்படி ஏது? தண்ணீர்க் குழாய் ஏது? ஆசிரியர் வந்ததும் பாடம் தொடங்குகிறது. அவர் போனதும் திரை மறைகிறது. 2020-இல் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது உலகெங்கும் கோடிக்கணக்கான மாணவர் இந்த நிலையை அனுபவித்தனர். பாடம் வந்து சேர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரன் வரவில்லை.

இந்தச் சிக்கல் இணையத்தோடு பிறந்ததன்று. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், மாட்டுப் பண்ணைகளில் வளரும் குழந்தைகளுக்கு அண்டை வீடு என்பதே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். அவர்கள் அஞ்சல் வழியே பாடம் படித்தனர். அக்குழந்தைகள் பிறரிடம் பேசவே கூச்சப்படுவதைக் கல்வியாளர் அடிலெய்டு மீத்கே அம்மையார் கவனித்தார். பறக்கும் மருத்துவர் சேவைக்காகப் பண்ணை வீடுகளில் ஏற்கெனவே வானொலிக் கருவிகள் இருந்தன. ஆல்ஃபிரட் டிரேகர் 1929-இல் அமைத்துத் தந்த கருவி, மிதிவண்டிபோல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வகையைச் சேர்ந்தது. பேசவும் கேட்கவும் வல்ல இந்த வானொலியைப் பள்ளிக்கும் பயன்படுத்தினால் என்ன என்று அம்மையார் கேட்டார். 1951 ஜூன் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளி திறக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 13 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டைப்போல் 10 மடங்கு பெரிய வகுப்பறை!

தொடக்கத்தில் ஆசிரியர் மட்டுமே பேசினார். பின்னரே கேள்வி-பதில் நேரம் சேர்ந்தது. நமக்கு முக்கியமானது இதுதான். இவ்வகை வானொலியில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். மற்ற அனைவரும் அதைக் கேட்பர். ஆகவே ஒரு சிறுமி ஆசிரியருக்குச் சொல்லும் விடை, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிறுவன் காதிலும் விழும். நாள்தோறும் அதே பெயர்கள், அதே குரல்கள். மாடிப்படியில் நிகழ்வது இங்கே காற்றில் நிகழ்ந்தது எனலாம். பண்ணைப் பெண்கள் ஊர்க்கதை பேசுவதற்கும் அதே வானொலியில் நேரம் ஒதுக்கியிருந்தனர். ஓயாது கத்தும் இளஞ்சிவப்புக் கிளி ஒன்றின் பெயரால் அதனைக் ‘கலா’ நேரம் என்று அழைத்தனர். வெறும் அரட்டைதானே என்று யாரும் அதை நிறுத்திவிடவில்லை.

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் செயற்கைக்கோள் வழி இணையம் அப்பள்ளிக்கு வந்தது. முகமும் தெரிந்தது. ஆனால் புதுச் சங்கடம் ஒன்றும் உடன் வந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஒளியின் வேகத்தில் சென்றாலும் செய்தி மேலேறி இறங்கக் கால் விநாடி ஆகும். கேட்டு விடை பெற அரை விநாடி. இது ஒரு பொருட்டா என்கிறீர்களா? ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுக்கும் இடைவெளி சராசரியாக 0.2 விநாடி அளவே என்று 10 மொழிகளை ஆராய்ந்து 2009-இல் கண்டனர். அதைவிட நீண்ட மௌனம் தயக்கமாகத் தோன்றுகிறது. இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்திவிடுகின்றனர். தரை வழி இணைப்பிலும் நெரிசல் மிகுந்தால் இதே கதிதான். கூச்சமுள்ள பிள்ளை இரண்டுமுறை இப்படி முட்டிக்கொண்டால் பிறகு வாயே திறப்பதில்லை. அவனை ஆர்வமற்றவன் என்று முடிவுகட்டுவது அநியாயம். பெயர் சொல்லி அழைத்து முறை கொடுத்தால் இச்சிக்கல் பெரிதும் தீரும்.

அறுபது பேரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் அடைத்துவிட்டால் தோழமை மலர்ந்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. அங்கே நால்வர் பேசுவர், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பர். ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு, அதுவும் மாதக்கணக்கில் மாறாத குழு, நல்லது. அதற்கு ஒரு வேலையும் வேண்டும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிக வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்து மோதிக்கொண்ட காலத்தில், 1971-இல் எலியட் ஆரன்சன் ஒரு முறை வகுத்தார். பாடத்தைத் துண்டுகளாக்கிக் குழுவில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். ஒரே துண்டைப் பெற்றவர்கள் முதலில் கூடி அதைத் தெளிந்துகொள்வர். பின் தத்தம் குழுவுக்குத் திரும்பிக் கற்பிப்பர். பக்கத்துப் பையன் சொல்லாவிட்டால் பாடம் முழுமையாகாது. ஆகவே அவனைக் கேட்டே தீரவேண்டும். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை இலை, பச்சையம், ஒளி, வாயுக்கள் எனப் பிரித்து இணையத்திலும் இதைச் செய்யலாம்.

வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் முன்னரே இணைப்பைத் திறந்துவைத்து, ஆசிரியர் வாய் திறவாமல் இருப்பது இன்னொரு வழி. செலவில்லாதது. கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காத ஊர்ப் பிள்ளை நேரடியாகப் பேச இயலாதெனில், தன் பங்கைக் குரல்பதிவாக முதல் நாளே அனுப்பலாம். குழு அதை ஒலிக்கச் செய்து கேட்டபின் மேலே செல்லட்டும்.