ரயில் பாகத்தை எப்போது மாற்றுவது? பராமரிப்புப் பதிவு சொல்வதும் சொல்லாததும்

2024 செப்டம்பர் 25. கிளமெண்டி அருகே ஒரு பழைய எம்ஆர்டி ரயிலின் ஆக்சில் பாக்ஸ் கழன்று விழுந்தது. சக்கரங்கள் தடம்புரண்டு சுமார் 2.5 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் சேதமடைந்தது. கிழக்கு-மேற்கு ரயில் பாதையின் ஒரு பகுதியில் ஆறு நாள் சேவை இல்லை. நினைவிருக்கா?

ஆக்சில் பாக்ஸ் என்பது சக்கர அச்சின் முனையில் இருக்கும் பெட்டி. உள்ளே பேரிங், கிரீஸ். கிரீஸ் தரம் குறைந்து பேரிங் சூடேறியிருக்கலாம் என்றது விசாரணை. அதைக் கழற்றி முழுமையாகப் பராமரிக்கும் இடைவெளி முதலில் 500,000 கிலோமீட்டராக இருந்தது. எஸ்எம்ஆர்டி அதை 575,000ஆகவும் பின்னர் 750,000ஆகவும் நீட்டித்தது. அந்த ரயில் கடைசிப் பராமரிப்புக்குப் பின் 690,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது.

அப்போ நீட்டித்ததே தப்பா? அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாது. நல்லா இருக்கும் பாகத்தைச் சீக்கிரமே கழற்றினால் பணமும் நேரமும் வீண். எவ்வளவு தாங்கும் என்று கணிக்கத்தான் பராமரிப்புப் பதிவு.

ஒரு கற்பனைக் கணக்கு. உங்கள் புளோக்கில் ஒரே மாதிரி 10 தண்ணீர்ப் பம்புகள். மூன்று பழுதாகிவிட்டன: 4, 5, 6 ஆண்டுகளில். சராசரி 5, எல்லாவற்றையும் மாற்றிடலாமா? பொறுங்க. மீதி ஏழும் 8 ஆண்டாக ஓடுகின்றனவே! அவற்றையும் சேர்த்தால் மொத்தம் 71 ஆண்டு ஓட்டம், மூன்றே பழுது. ஏறக்குறைய 24 ஆண்டுக்கு ஒரு பழுது. உடையாததையும் எண்ணணும். பலர் தவறுவது இங்கேதான்.

உடனே ஒவ்வொரு பம்பும் 24 ஆண்டு உழைக்கும் என்று நம்பிடாதீங்க. 8 ஆண்டுக்கு மேல் ஓடிய பம்பை இந்தப் பதிவு பார்த்ததே இல்லை. தேய்மானம் 9ஆம் ஆண்டில் தொடங்கினால்? 500,000லேயே கழற்றி வந்த பாகத்துக்கும் இதே கதைதான். அதன் பிறகு என்ன ஆகும் என்பது பழைய ஏட்டில் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித்து, ஒவ்வொரு முறையும் கிரீஸைச் சோதித்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

எம்ஆர்டி நம்பகத்தன்மையை இன்னொரு எண்ணாலும் அளக்கிறார்கள்: ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதம் வருவதற்குள் ரயில்கள் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன? கட்டமைப்பு முழுவதற்கும் அது 2019இல் ஒரு மில்லியனைத் தாண்டியது. நல்ல செய்தி. ஆனால் அதில் ஆறு நாள் தடையும் ஒரு பழுது, ஆறு நிமிடத் தாமதமும் ஒரு பழுது.

எஸ்எம்ஆர்டிக்கு 2.4 மில்லியன் வெள்ளி அபராதம். பழைய ரயில்களுக்குப் பதிலாக 106 புதிய ரயில்கள். முதலாவது 2023 ஜூனில் சேவைக்கு வந்தது. அவற்றின் ஏட்டில் இன்னும் சில பக்கங்கள்தான்.