முள் சொல்லும் உயரம்

மகாராஜபுரத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "சதுரகிரி மேகத்துக்குள் மறைந்திருக்கும்போது மேலே விமானச் சத்தம் கேட்கிறது. மலை எவ்வளவு கீழே இருக்கிறதென்று விமானிக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கவலைதான். 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், சின்னமனூர் அருகே மலையில் மோதி 21 பேர் இறந்தார்கள்.

விமானி உயரத்தை அறிவது உயரமானியின் முள்ளைப் பார்த்துத்தான். ஆனால் அந்தக் கருவி உயரத்தை அளப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, அதை அடிக்கணக்கில் காட்டுகிறது. அழுத்தமோ நாளுக்கு நாள் மாறும். அதனால் இறங்கும் ஊரின் அன்றைய அழுத்த எண்ணை விமானி திருகி வைத்தாக வேண்டும். மளிகைக் கடையில் எண்ணெய்த் தூக்கைத் தராசில் வைத்து, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே ஊற்றச் சொல்வார் என் அம்மா, அதே கதைதான். அந்த எண்ணில் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) பிசகினால் ஏறத்தாழ 28 அடி போச்சு.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. உயரே போனதும் எல்லா விமானங்களும் உள்ளூர் எண்ணை விட்டுவிட்டு 1013.25 என்று வைத்துக்கொள்ளும். அப்போது முள் காட்டுவது நிஜ உயரம் அல்ல. ஆனால் எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்வதால், இரண்டு விமானங்களுக்கு இடையிலுள்ள ஆயிரம் அடி பத்திரமாக இருக்கிறது! இறங்கும்போது மாற்ற மறந்தால்தான் வினை. வங்கக்கடலில் புயல் சின்னம் நின்று, அழுத்தம் 1000-க்கு இறங்கிய நாளென்றால், முள் காட்டுவதைவிட 350 அடிக்கு மேல் தாழ்வாகப் பறப்போம்.

மறக்காமல் மாற்றினாலும், மாற்றும் எண் சரியாக இருக்க வேண்டுமே. 2022 மே 23, பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையம், மழை. இறங்க வந்த ஓர் ஏர்பஸ் விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் 1001 என்பதை 1011 என்று சொல்லிவிட்டார். விமானிகள் 1011 என்றே திருப்பிச் சொல்லி, அதையே வைத்தார்கள். ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோக் கற்றை அன்று இயங்காததால், இறக்கம் முழுக்க உயரமானியை நம்பியே நடந்தது. ஓடுபாதை கண்ணில் படாததால் விமானிகள் மேலே திருப்பினார்கள். அதற்குள் அந்த ஏர்பஸ், ஓடுபாதைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால், தரையிலிருந்து வெறும் 6 அடிக்கு வந்திருந்தது. விமானத்தின் தரை எச்சரிக்கைக் கருவி வாயே திறக்கவில்லை. பதிவுசெய்யப்பட்ட வானிலை அறிவிப்பில் 1001 என்ற சரியான எண் இருந்தது. யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

நாமும் போனில் யாராவது எண் சொன்னால் "சரி, சரி" என்று வைத்துவிடுகிற ஆட்கள்தாம். விமானத்தில் திருப்பிச் சொல்லும் கட்டாயமாவது உண்டு. பாரிஸில் அதுவும் போதவில்லை. விமானி வைத்த அழுத்த எண்ணைத் தரைக்கு அனுப்பும் வசதி இன்று பல விமானங்களில் இருக்கிறது. அதை வாங்கிச் சரிபார்க்கும் கணினி எல்லா விமான நிலையக் கட்டுப்பாட்டு அறைகளிலும் வர வேண்டும். மலையோர ஊர்களுக்கு முதலில்.