மரபுரிமை வெள்ளி நாணயங்கள்: நிலையறிதலும் சட்டப் பாதுகாப்பும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், தகரப் பெட்டியின் அடியிலோ பூசையறைத் தட்டிலோ பழைய வெள்ளி நாணயங்கள் இன்றும் கிடக்கின்றன. அவற்றுள் இந்தியாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் கால ரூபாய்களும், மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களில் புழங்கிய ஒரு வெள்ளி நாணயங்களும், 1939 முதல் வந்த மலாயாச் சில்லறைக் காசுகளும் அடங்கும். இவற்றை விற்கவோ பங்கிடவோ முற்படும் குடும்பத்தார் அடையும் இழப்புக்கு வாங்குவோரின் சூழ்ச்சியை மட்டுமே காரணமாகக் கூறுவது பொருந்தாது. காசு எந்த நிலையில் இருக்கிறது என்பதை உடைமையாளர் அறியாமலும் எழுதி வைக்காமலும் கைமாற்றிவிடுவதே பெரும்பாலும் அந்த இழப்பின் தொடக்கமாக அமைகிறது.

நிலையைப் பார்ப்பதற்கு முன் காசில் எவ்வளவு வெள்ளி உள்ளது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் ஒரே பெயருடைய காசுகள் ஒரே அளவு வெள்ளி கொண்டவை அல்ல. ஏழாம் எட்வர்டின் உருவம் பொறித்து 1903இல் வெளிவந்த நீரிணைக் குடியேற்ற ஒரு வெள்ளி நாணயம் 26.95 கிராம் எடையும், ஆயிரத்திற்கு 900 பங்கு வெள்ளித்தூய்மையும் உடையது. அதாவது அதில் 24 கிராமுக்குச் சற்று மேல் தூய வெள்ளி உண்டு. 1906இல் அந்நாணயத்தின் மதிப்பு பிரிட்டிஷ் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்சு என நிலைநிறுத்தப்பட்டது. வெள்ளி விலை ஏறியதால் காசை உருக்கினால் ஆதாயம் என்ற நிலை உருவாகவே, 1907இல் அதன் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில், 1919இல், எடை 16.85 கிராமாகவும் தூய்மை 500 ஆகவும் மேலும் இறங்கியதால், அக்காசில் உள்ள தூய வெள்ளி சுமார் 8.4 கிராமே. இந்திய ரூபாயின் வரலாறும் இதை ஒத்ததே: ஒரு தோலா எடையான 11.66 கிராமில், 917 தூய்மையுடன் வந்த ரூபாய், 1940 முதல் 500 தூய்மைக்கு இறக்கப்பட்டது. மலாயாவின் 5, 10, 20 காசு நாணயங்கள் 1939 முதல் 1941 வரை 750 தூய்மையிலும், 1943, 1945 ஆண்டுகளில் 500 தூய்மையிலும் அச்சிடப்பட்டன. 1948 முதல் வந்தவற்றில் வெள்ளியே கிடையாது. ஆகவே எல்லாக் காசுகளையும் ஒரே தட்டில் கொட்டி ஒரே விலை கூறும் வணிகரிடம், ஆண்டுவாரியாகப் பிரித்து நிறுக்கச் சொல்வதே உடைமையாளரின் முதல் வேலை.

உலோக மதிப்பு விலையின் அடித்தளம் மட்டுமே. அதற்கு மேல் சேகரிப்போர் தரும் தொகை அருமையையும் நிலையையும் பொறுத்தது. நிலை என்பது காசு கைமாறிக் கைமாறித் தேய்ந்த அளவையும், அதன் பரப்பு கெடாமல் இருக்கும் தன்மையையும் சேர்த்துக் குறிக்கும் சொல். 1949இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் தம் நாட்டுச் செப்புச் சென்ட் நாணயங்களுக்கென வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலே இன்று பரவலாகக் கையாளப்படுகிறது; அதில் 60 முதல் 70 வரையான எண்கள் புழக்கத்திற்கே வராத காசுகளுக்கு உரியவை. தேய்மானம் எப்போதும் உருவத்தின் மேடான பகுதிகளில்தான் தொடங்கும் என்பதால், மன்னரின் முடி, காது, தாடி, அரசுடையின் மடிப்பு ஆகியவற்றை, ஒற்றை விளக்கொளியில் காசைச் சாய்த்துச் சாய்த்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். 1911ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் மேலாடையில் இருந்த யானை பன்றியைப் போல் தோன்றுவதாக எதிர்ப்பு எழுந்ததால் மறு ஆண்டே அவ்வுருவம் திருத்தப்பட்டது; அந்தச் சிறு யானையின் துதிக்கை தெளிவாகத் தெரிகிறதா என்பதே ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களின் தேய்மானத்தைக் கணிக்க நல்ல அடையாளம்.

இத்தேய்மானத்தைவிடவும் பெரிய கேட்டை விளைவிப்பது வீட்டாரின் நல்லெண்ணமே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குத்துவிளக்கோடு சேர்த்துக் காசையும் புளியாலும் சாம்பலாலும், அண்மைக் காலத்தில் பற்பசையாலும் தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கம், பரப்பில் நுண்ணிய கீறல்களை நிரந்தரமாகப் பதித்துவிடுகிறது. கருமை என்பது அழுக்கன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களுடன் வெள்ளி வினைபுரிந்து உருவாகும் மெல்லிய படலம் அது. சீராகப் படிந்த கருமையைச் சேகரிப்போர் விரும்பி வாங்குகின்றனர். தேய்த்துக் கழுவிய காசுக்குத் தரச்சான்று நிறுவனங்கள் எண் தரம் தருவதில்லை; ‘கழுவப்பட்டது’ என்ற குறிப்பையே சேர்க்கின்றன. காசுகளை ரப்பர் வளையத்தால் கட்டி வைப்பதும் தவறு. பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் இருப்பதால் வளையம் பட்ட இடத்தில் கரிய கோடு விழும். மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் மலாக்காவின் ஈரக் காற்றில் காலப்போக்கில் சிதைந்து, பச்சை நிறப் பிசுக்கைக் காசின் மேல் விட்டுச் செல்கின்றன. தூய அசிட்டோனில் தேய்க்காமல் ஊறவைத்தால் அப்பிசுக்கு கரையும். குங்குமமும் எண்ணெயும் படிந்த பூசைக் காசுக்கும் இதுவே வழி. இதற்கு மேல் வீட்டில் எதுவும் செய்யாதிருப்பதே நன்று.

துளையிட்டு அரைஞாணில் கோத்த காசும், வளையம் பற்றவைத்துப் பதக்கமாக அணிந்த காசும் சேகரிப்பு மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டவை. வளையத்தை அகற்றி விளிம்பை அராவி மறைத்திருந்தால், அவ்விடத்தில் விளிம்பு வரிகள் மங்கியிருப்பது கண்ணுக்குப் புலப்படும். சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்ததன் சான்றாகக் குத்திய சிறு முத்திரைகள் வேறு வகையைச் சேர்ந்தவை; அவை சிலரால் குறையாகவும் வேறு சிலரால் சிறப்பாகவும் கருதப்படுகின்றன.

போலிகளும் சந்தையில் உண்டு. காந்தம் ஒட்டாதிருப்பது மட்டும் போதிய சான்றன்று, செம்புக் கலவையும் ஒட்டாது. நகைக்கடைத் தராசில் காசை நிறுத்தபின், நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு மறுபடி நிறுத்து, குறையும் எடையைக் காண வேண்டும்: 1903ஆம் ஆண்டு ஒரு வெள்ளி நாணயம் நீரில் சுமார் 2.6 கிராம் குறையும். அதே எடையுள்ள செம்பு-நிக்கல் போலி சுமார் 3 கிராம் குறையும்.

இனி உரிமை. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து, தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரிகிறது. இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லையெனில் துணைவருக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு மூன்றில் இரு பங்கும் சேரும். மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம். மூத்தவர் கையில் பெட்டி இருப்பதால் மட்டும் காசுகள் அவருடையவை ஆகிவிடா. பிறர் இசைவின்றி அவர் விற்றால் அவர்கள் தங்கள் பங்கைக் கோரலாம். எனவே பெட்டி திறந்த அன்றே ஒவ்வொரு காசின் இரு முகங்களையும் விளிம்பையும் படமெடுத்து, ஆண்டு, எடை, குறைகள் ஆகியவற்றை எழுதி, பங்காளிகள் அனைவரும் கையொப்பமிடுவது பின்னாளைய பிணக்கைத் தவிர்க்கும்.

கடைக்குச் செல்வோர் வாங்குபவரின் தகுதியைக் கேட்டறியலாம்: பழம்பொருள் வாங்குவோர் 1946ஆம் ஆண்டுச் சட்டப்படியும், அடகுக்கடைகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படியும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அடகு வைத்த பொருளை மீட்க ஆறு மாத கால அவகாசம் உண்டு. அடகுச் சீட்டில் ‘வெள்ளிக் காசு’ என்று மட்டும் எழுதாமல் எண்ணிக்கையும் ஆண்டும் எடையும் எழுதச் சொல்ல வேண்டும், ஏனெனில் மீட்கும்போது வேறு காசு திரும்பினால் காட்டுவதற்கு அச்சீட்டே ஆதாரம்.

தீர்வுகளில் பலரும் கவனிக்காத வேறுபாடு ஒன்று உண்டு. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையான வழக்குகளை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றி விசாரிக்கிறது. ஆனால் அது பொருளையோ சேவையையோ வாங்கியவருக்கானது. வணிகரிடம் போலிக் காசு வாங்கியவரும், தரச்சான்றுக்குக் கட்டணம் செலுத்தி ஏமாந்தவரும் மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே செல்லலாம். தம் காசை வணிகருக்கு விற்றவரோ அத்தீர்ப்பாயத்தின் பார்வையில் பயனீட்டாளர் அல்லர். அவருக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரையான சிறு வழக்கு முறையும், வேண்டுமென்றே பொய் கூறி ஏமாற்றப்பட்டிருந்தால் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவின்கீழ் போலீஸ் புகாரும் எஞ்சியுள்ளன. குறைந்த விலைக்கு விற்றுவிட்டது மட்டும் ஏமாற்றப்பட்டதாகாது. விற்பனைக்கு முந்தைய படங்களும் எடைக் குறிப்பும் இல்லாத புகார் நிற்பதும் கடினம்.

பழங்காசுக்குப் பெருந்தொகை தருவதாகக் கூறி, முன்பணமோ வரியோ கேட்கும் இணைய விளம்பரங்கள் மோசடியே. தன் பெயரைப் பயன்படுத்தி இவ்வாறு ஏமாற்றுவோர் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2021இல் எச்சரித்தது. மலேசியாவில் பணம் அனுப்பிவிட்டவர் தாமதமின்றி 997 என்ற எண்ணை அழைத்தால், பணம் மேலும் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெட்டியிலன்றி, பழைய தோட்ட மண்ணைத் தோண்டும்போது உடைமையாளர் அறியப்படாத காசுக் குவியல் கிடைத்தால் அது குடும்ப மரபுரிமைப் பொருளாகாது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அதை மாவட்ட அதிகாரியிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.