தட்டில் ஒரு கணக்கு

மாணவர்களே, சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ‘என் இல்லம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் கட்டுரை, பாதியில் ஒரு வினாவுடன் நின்றிருந்தது. அவளுடைய தாயார் தையற்கூடம் ஒன்றில் பணிபுரிகிறார். காலை முதல் மாலை வரை அமர்ந்தே செய்யும் வேலை. உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறிய நாள் முதல் அவர் மதிய உணவை விட்டுவிட்டார். மாலையில் வீடு திரும்பும்போது கை நடுங்குகிறது. கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கிடைத்ததை வாரி உண்கிறார். எடையோ குறையவில்லை. ‘சாப்பிடாமல் இருந்தால் எடை குறையும் என்கிறார்களே, ஐயா, அம்மாவுக்கு ஏன் குறையவில்லை?’ என்பதே அவள் வினா. அக்குறிப்பேட்டில் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேனே தவிர, வினாவுக்கு அன்று விடை எழுதவில்லை. இப்பாடம் அந்த விடை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசப்போவது பெரியவர்களின் தட்டைப் பற்றி. நீங்கள் வளரும் பருவத்தினர். உங்கள் எலும்பும் தசையும் குருதியும் பெருகிக்கொண்டிருக்கும் காலம் இது. எடை கூடிவிடும் என்று அஞ்சி மதிய உணவைத் தோழியருக்குக் கொடுத்துவிட்டு வெறும் டப்பாவை மூடி வைக்கும் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவ்வாறு செய்யாதீர்கள். உங்கள் எடையைப் பற்றிக் கவலை இருந்தால் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள். காய்கறியைக் கூட்டிக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. சோற்றைக் குறைப்பது உங்களுக்கான பாடமன்று.

நாம் உண்ணும் உணவு உடலுக்குள் ஆற்றலாக மாறுகிறது. அவ்வாற்றலைக் கலோரி என்னும் அலகால் அளக்கிறோம். (அறிவியல் நூலில் கிலோ கலோரி என்று வருவதையே உணவுக் கணக்கில் சுருக்கமாகக் கலோரி என்கிறோம்.) ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும், புரதமும் அவ்வாறே, கொழுப்பு 9 கலோரி தரும். நீருக்குக் கலோரியே இல்லை. நாள்தோறும் செலவழிவதைவிட மிகுதியாக உண்டால், மிச்சம் உடலில் கொழுப்பாகச் சேரும். உடற்கொழுப்பு ஒரு கிலோ கரைய வேண்டுமானால் ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். அது ஒரு நாளில் நடக்கும் செயலன்று. ஒரு வேளைப் பட்டினியால் முடிவதுமன்று.

இந்திய உணவுப் பொருள்களின் சத்தினை அளந்து பார்க்கும் முயற்சி நமக்கு மிக அண்மையில் தொடங்கியது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் வழியாக ஏறிச் சென்றால் நீலகிரி மலையில் குன்னூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே 1918ஆம் ஆண்டில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், ‘பெரிபெரி’ நோயின் காரணத்தை ஆராய ஓர் அறை கொண்ட சிறிய ஆய்வகத்தைத் தொடங்கினார். உமியும் தவிடும் நீங்கப் பளபளவென்று தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வாழ்ந்தோரை வாட்டிய நோய் அது. மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937இல் நூலாக்கினார். அந்த ஆய்வகமே 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. ஒருவர் ஒரு நாளில் உண்ணும் காய், கீரை, கிழங்கு, பழம் ஆகியவை அவருடைய தட்டில் ஏறக்குறையப் பாதியாக இருக்க வேண்டும் என்பது இந்நிறுவனத்தின் அறிவுரை. நம் வீட்டுத் தட்டில் பாதியா இருக்கிறது? சோறு மலைபோல் குவிந்திருக்க, அடிவாரத்தில் ஒரு கரண்டி பொரியல் ஒதுங்கியிருப்பதைத்தான் நாம் காண்கிறோம்.

அந்தத் தாயார் செய்த பிழைக்கு வருவோம். பசி என்பது கலோரிக் குறைவை மட்டும் அறிவிக்கும் மணியன்று. இரைப்பை நிறைந்து விரியும்போது, அதன் சுவரிலுள்ள நரம்பு முனைகள் ‘நிறைந்தது’ என்னும் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. விரிவைத் தந்தது சோறா, சுரைக்காயா என்று அவை கேட்பதில்லை. குடலும் பின்னர்த் தன் பங்குக்குச் செய்தி அனுப்பும். புரதம் மிக்க உணவாயின் அந்நிறைவு நெடுநேரம் நிற்கும். மதியம் ஒன்றுமே உண்ணாதவருக்கு இச்செய்திகளுள் எதுவும் செல்லாது. ஆகவே மாலையில் பசி இரட்டிப்பாகி, விட்ட சோறு வேறு வடிவில், பெரும்பாலும் எண்ணெயில் பொரித்த வடிவில், உள்ளே வந்துவிடுகிறது. சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொள்பவர் உணவைத் தவிர்த்தால் குருதியில் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்து மயங்கி விழவும் கூடும். இதில் துணிச்சல் காட்டக் கூடாது.

எனவே கலோரி குறைவாகவும் பருமன் மிகுதியாகவும் உள்ள உணவு வேண்டும். வெள்ளைப் பூசணியில் 100க்கு 95 பங்குக்கு மேல் நீரே. புடலை, சுரை, பீர்க்கு, முட்டைக்கோஸ் ஆகியவற்றிலும் 90 பங்குக்கு மேல் நீர். 100 கிராம் வெந்த சோறு 130 கலோரி அளவு தருகிறது. அதே எடையுள்ள வெள்ளைப் பூசணி தருவது 12 கலோரி அளவே.

‘அப்படியானால் சோற்றைக் குறைத்துவிட்டு இரண்டு குவளை நீர் குடித்தால் போதாதா?’ என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா ரோல்சும் அவர்தம் குழுவினரும் இதையே சோதித்து 1999இல் வெளியிட்டனர். ஒரே பொருள்களைக் கொண்டு செய்த உணவைப் பெண்கள் சிலருக்கு மதிய உணவுக்கு முன் மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: ஒரு நாள் உணவு மட்டும், ஒரு நாள் உணவும் தனியே ஒரு குவளை நீரும், இன்னொரு நாள் அதே நீரை உணவோடு சேர்த்துக் காய்ச்சிய சூப். சூப் உண்ட நாளில் அவர்கள் அதன்பின் உண்ட உணவு கணிசமாகக் குறைந்தது. தனியே நீர் குடித்த நாளில் அந்தப் பயன் கிட்டவில்லை. நீரை உணவுடன் குடிப்பதும், நீரை உணவுக்குள் வைப்பதும் ஒன்றல்ல.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கூட்டுதான். பாலக்காட்டுத் தமிழர் இல்லங்களில் ‘மொளகூட்டல்’ என்று ஒன்று செய்வார்கள். பாசிப்பருப்பையோ துவரம்பருப்பையோ குழைய வேகவைத்து, வெள்ளைப் பூசணி, புடலை, கீரை போன்ற ஏதேனும் ஒன்றைச் சேர்த்து, சிறிது தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைத்து ஊற்றி ஒரு கொதி விடுவது அது. புளி சேர்ப்பதில்லை. நீர், நார், புரதம் மூன்றும் ஒரே பாத்திரத்தில் அமைந்துவிடுகின்றன. வெள்ளைப் பூசணியும் சிவப்புக் காராமணியும் சேரும் ‘ஓலன்’ என்பதும் இவ்வகையே; ஆனால் அதில் தேங்காய்ப்பாலை எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

இனி இரண்டு தட்டுகளை எழுதி ஒப்பிடுவோம். எண்கள் தோராயமானவை, உங்கள் வீட்டு அரிசிக்கும் கரண்டிக்கும் ஏற்பச் சற்று மாறும்.

முதல் தட்டில் சோறு 400 கிராம்: 520 கலோரி. சாம்பார் ஒரு கிண்ணம்: 100. மூன்று தேக்கரண்டி எண்ணெயில் வறுத்த உருளைக்கிழங்கு: 195. ஆக 815.

இரண்டாம் தட்டில் சோறு 150 கிராம்: 195 கலோரி. வெள்ளைப் பூசணி 200 கிராம், பாசிப்பருப்பு 25 கிராம், துருவிய தேங்காய் 15 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்ந்த மொளகூட்டல்: 215. பீன்ஸ் அல்லது முட்டைக்கோஸ் 150 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்ந்த பொரியல்: 90. நீர்மோர் ஒரு குவளை: 30. ஆக 530.

இரண்டாம் தட்டில் உணவின் எடை மோருடன் சேர்த்து ஏறத்தாழ 800 கிராம். முதல் தட்டின் எடையைவிட அது குறைவன்று. ஆனால் 285 கலோரி மிச்சம். மற்ற வேளைகளில் மாற்றமில்லாதிருப்பின், நாள்தோறும் இம்மிச்சம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு கிலோ எடையைக் குறைக்கும். மெதுவாகத்தான் குறையும். உடல் மெலிய மெலிய அதன் செலவும் குறைவதால், பின்னர் இன்னும் மெதுவாகும். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறையும் என்று சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது எண்ணெய். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. நான்கு கரண்டி எண்ணெய் ஒரு பெரிய தட்டுப் பூசணியைவிடக் கனமானது. பாலக்காட்டில் அடுப்பை அணைத்தபின் பச்சைத் தேங்காய் எண்ணெயை மேலே ஊற்றும் வழக்கமுண்டு. மணம் அருமைதான்; மறுக்கவில்லை. ஆனால் பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல், தேக்கரண்டியால் அளந்து ஊற்றினால் மணமும் இருக்கும், அளவும் இருக்கும். இரண்டாவது பொறி, கிழங்கைக் காய் என்று எண்ணுவது. கேரளத்தில் கப்பை என்னும் மரவள்ளி, நேந்திரங்காய், சேனை, உருளை ஆகியவற்றில் மாவுச்சத்து மிகுதி. அவை தீய உணவுகள் அல்ல. சோற்றுக்குப் பதிலாக உண்ணத்தக்கவை. சோற்றின் மேலேயே கப்பைப் புழுக்கையும் வைத்துக்கொண்டு ‘இன்று காய் உண்டேன்’ என்பது கணக்கில் சேராது.

சமைக்கும் முறையிலும் சில உண்டு. காயை நறுக்குமுன் கழுவ வேண்டும். நறுக்கியபின் கழுவினால் நீரில் கரையும் சத்துகள் நீரோடு போகும். குறைந்த நீர் விட்டு மூடி வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டாமல் கூட்டிலோ ரசத்திலோ சேர்க்கலாம். காய் குழைந்து கூழாகாமல் கடிக்கும் பதத்தில் இருந்தால் மெல்லும் நேரம் கூடும். மெல்ல மெல்ல நிறைவும் வரும். பாலக்காட்டு மட்டை அரிசி போன்ற புழுங்கலரிசியில், நெல்லை அவிக்கும்போது ‘தயாமின்’ என்னும் உயிர்ச்சத்து உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டும்போது அதன் இழப்புக் குறைகிறது. குன்னூர் ஆய்வகம் தேடிய பெரிபெரியின் மறைபொருள் அந்தத் தயாமினே. எனினும் கலோரியைப் பொறுத்தவரை எந்த அரிசியும் அரிசியே. சிவப்பு நிறத்தை நம்பி இரண்டு மடங்கு போட்டுக்கொள்ள இயலாது.

இவற்றை நான் ஏட்டிலிருந்து மட்டும் எழுதவில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பணிமாற்றத்தில் இங்கு வந்த முதலாண்டில், கடைச் சாப்பாட்டில் ஒன்பது கிலோ கூடினேன். சமைக்கத் தெரியாது என்பதைவிட, சந்தையில் காயின் பெயரைக் கேட்டு வாங்கக் கூச்சம் என்பதே உண்மை. வெள்ளைப் பூசணி வேண்டும் என்றேன்; கடைக்காரர் விழித்தார். கைகாட்டியபின் ‘கும்பளங்ஙா’ என்று சிரித்தார். பரங்கிக்காய் ‘மத்தங்ஙா’, புடலங்காய் ‘படவலங்ஙா’, பாகற்காய் ‘பாவய்க்கா’. கத்திரிக்காயை ‘வழுதனங்ங’ என்றபோதுதான் நான் விழித்தேன். தமிழாசிரியனாகிய எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்: பழந்தமிழில் அதன் பெயர் வழுதுணங்காய். நாம் கைவிட்ட சொல்லை மலையாளம் கைவிடாமல் வைத்திருக்கிறது. உங்களில் பலர் இவ்விரு பெயர்களையும் ஒருசேர அறிவீர்கள். அந்த வசதி எனக்கில்லாமல் போயிற்று.

நாம் வாழும் எல்லைப்புறமோ காய்க்குக் குறைவில்லாத நிலம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி வயல்களின் விளைச்சல் வேலந்தாவளம் சந்தைக்கு வருகிறது. அட்டப்பாடியில் பழங்குடி மக்கள் கேழ்வரகும் சாமையும் விளைவிக்கிறார்கள். ஆட்டின் கொம்புபோல் வளைந்த அவர்களது ‘ஆட்டுக்கொம்பு அவரை’ 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டு இடுக்கியின் காந்தளூர் வட்டவடைப் பூண்டும் அப்பெருமையைப் பெற்றது. வட்டவடையின் படிக்கட்டு வயல்களில் கேரட்டும் கோஸும் பீன்ஸும் விளைவிப்போரில் தமிழ் பேசும் உழவர் பலர். மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்களிலிருந்து வரும் மாணவர்களே, உங்கள் பாட்டிமார் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த காலத்தில் முதல் தட்டுச் சோறு அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதே அளவுச் சோற்றை இன்று அலுவலக நாற்காலியிலும் தையல் எந்திரத்தின் முன்னும் அமர்ந்திருப்பவர் உண்கிறார். பழக்கம் மாறவில்லை; வேலை மாறிவிட்டது.

அந்த மாணவியின் வினாவுக்கு விடையை இப்படித்தான் ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்கச் சொன்னேன். மருத்துவர் மாத்திரையின் நேரத்தை மாற்றினார். சிறிய சோற்று டப்பாவும் பெரிய கூட்டு டப்பாவுமாக அவர் வேலைக்குப் போகலானார். முதல் வாரம் உடன் வேலை செய்வோர் ‘சோற்றைக் காணோமே’ என்று கேலி செய்தார்களாம். மாலை நடுக்கம் முதலில் நின்றது. நான்கு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. ஓணத்தின்போதும் தீபாவளியின்போதும் ஒரு கிலோ திரும்பி வந்ததையும் அவள் மறைக்காமல் சொன்னாள்.

செயற்பாடு: வரும் ஞாயிறன்று வீட்டில் பெரியவர் ஒருவர் உண்ணும் மதியச் சோற்றையும் காயையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்து எடையை எழுதுக. சமைத்தவரிடம் எண்ணெய் எத்தனை தேக்கரண்டி என்று கேட்டுக் குறித்துக்கொள்க. அன்று வாங்கிய காய்களின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வருக. தராசு இல்லாத வீட்டில் கரண்டிக் கணக்கே போதும்.